மலைப்பாதையில் சஸ்பென்ஷன் உடைந்தால்: அறிகுறி வாரியாக எதைப் பார்ப்பது, எதுவரை ஓட்டுவது

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றிலோ, ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலோ, மேகமலை எஸ்டேட்டுகளுக்கு நடுவிலோ வண்டிக்கு அடியில் 'டொம்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் சாய்கிறது. இறங்கியதும் எல்லாரும் கேட்பது 'இதோட ஓட்டலாமா?' என்றுதான். எது உடைந்தது என்று மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. உடைந்த உருப்படி அதுவரை என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) காயிலும் (சுருள் ஸ்பிரிங்) எடையைத் தாங்குகின்றன. ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குகிறது. லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை), பால் ஜாயின்ட் (அந்தக் கையின் முனையில் உள்ள குண்டு மூட்டு), யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் வளைந்த போல்ட்) போன்றவை சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கின்றன. எடை தாங்குவதோ ஆட்டம் அடக்குவதோ போனால் பெரும்பாலும் ஊர்ந்தாவது ஊர் போய்ச் சேரலாம். சக்கரத்தைப் பிடித்து வைப்பது போனால் வண்டியைப் பாதையோரம் ஒதுக்குவதோடு சரி, ஓட்டக்கூடாது. பட்டை வைத்த வண்டியில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பும். பொலிரோ, ஆம்னி ஆகியவற்றின் பின்பக்கத்திலும், பழைய ஜீப்பின் நான்கு பக்கத்திலும் பட்டைதான் எடையையும் தாங்குகிறது, ஆக்சிலையும் இடத்தில் பிடித்து வைக்கிறது. அதனால் பட்டை உடைந்தால் எந்த இடத்தில் உடைந்தது என்று தெரியாமல் ஒரு அடிகூட நகர்த்த வேண்டாம்.

ஜாக்கி போடுவதற்கு முன்

வளைவிலோ சரிவிலோ ஜாக்கி போடாதீர்கள். சக்கரம் நேராக நிற்கிறது, டயரில் எதுவும் உரசவில்லை என்றால் நடை வேகத்தில் சமமான இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். முக்கோணப் பலகையை வண்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பயனில்லை. வளைவுக்கு முந்தைய திருப்பத்தில், வருகிறவருக்கு வண்டி கண்ணில் படும் முன்பே பலகை தெரிய வேண்டும்.

கியர் போட்டிருக்கிறோம், வண்டி உருளாது என்று பலரும் நம்புகிறார்கள். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியர் தாங்காது. தொங்கும் சக்கரம் தாராளமாகச் சுற்ற டிஃபரென்ஷியல் விட்டுக்கொடுக்கும், தரையில் இருக்கிற சக்கரமும் உருளும். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன்பக்கம் தூக்கினாலும் இதே கதைதான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு இறக்கத்தின் பக்கம் பெரிய கல்லை முட்டுக்கொடுங்கள். மண்ணில் ஜாக்கி புதையும். ஒரு அடிச் சதுரத்தில் ஒரு அங்குலக் கனமுள்ள பிளைவுட் பலகையை வண்டியிலேயே போட்டு வையுங்கள். தூக்கியதும் ஸ்டெப்னியைச் சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்துவிட்டுத்தான் தலையை உள்ளே கொடுக்க வேண்டும்.

வனப்பகுதியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திம்பம் பாதையில் பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடைப்பட்ட பகுதி புலிகள் காப்பகம், அங்கே இரவுப் போக்குவரத்துத் தடையும் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்காதீர்கள், யானை நடமாட்டம் உள்ள இடம் அது. சோதனைச்சாவடிக்குத் தகவல் கொடுத்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, எங்கிருந்தாலும் அவசரத்துக்கு 112.

பின்பக்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது (பட்டை வைத்த வண்டி)

டார்ச் அடித்துப் பட்டைக்கட்டை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பாருங்கள். புதிதாக உடைந்த இடம் வெள்ளி மாதிரி மின்னும். பாதி துருவும் பாதி பளபளப்புமாக இருந்தால் விரிசல் வெகுநாளாக இருந்து, இன்றைக்குத்தான் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மேலிருந்து மூன்றாவது, நான்காவது குட்டைப் பட்டை உடைந்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. துண்டு நழுவி விழாமல் கட்டுக்கம்பியால் ஏழெட்டுச் சுற்று இறுகச் சுற்றி, முறுக்கிய முனையைப் பிரேக் ஹோஸ் படாத பக்கமாக மடக்கிவிடுங்கள். பாரத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாகப் போகலாம்.

மெயின் பட்டை (முனைகளில் வளையம் உள்ள நீளமான பட்டை) உடைந்திருந்தால் எந்தப் பாதியில் உடைந்தது என்பதுதான் எல்லாமே. பட்டையின் ஒரு முனை ஹேங்கர் என்ற சேசிஸ் தாங்கியில் அசையாமல் மாட்டியிருக்கும், மறு முனை ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் ஊசலாடும். பொலிரோ மாதிரி வண்டிகளில் பின்பட்டையின் முன்முனை ஹேங்கர், பின்முனை ஷேக்கிள். ஆக்சிலை முன்பின் நகராமல் பிடித்து வைப்பது ஹேங்கர் பாதிதான். ஷேக்கிள் நீளத்துக்கு மட்டும் இடம் கொடுக்கிறது.

ஷேக்கிள் பாதியில் உடைந்தால் எடை இறங்கிவிடும், ஆக்சில் மட்டும் இடத்திலேயே நிற்கும். இதற்குக் கட்டை கொடுக்கலாம். நல்ல பக்கத்தில் ஆக்சிலின் மேற்புறத்துக்கும் சேசிஸில் உள்ள பம்ப் ரப்பருக்கும் (ஆக்சில் மோதும்போது அடி தாங்கும் ரப்பர்) நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து, அதைவிட 2 செ.மீ. குறைவான உயரத்தில் ஒரு கட்டையை உடைந்த பக்கம் வையுங்கள். கட்டைக்கு மேலே பழைய டயர்த் துண்டு ஒன்று வைத்தால் சேசிஸுக்கு அடி குறையும். கட்டையை ஆக்சிலோடு ராட்செட் ஸ்ட்ராப்பால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். சும்மா செருகி வைத்தால் முதல் பள்ளத்திலேயே நழுவி விழுந்துவிடும். காட்டில் ஒரு கிளையை வெட்டிக்கொள்ளலாம் என்று யோசிக்க வேண்டாம், வனத்துறை வழக்கு வரும். இரண்டு கட்டைகளை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

ஹேங்கர் பாதியில் உடைந்தால் நிலைமை வேறு. பிரேக் போட்டால் அந்தப் பக்க ஆக்சில் பின்னுக்கு இழுபடும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் முன்னுக்குத் தள்ளப்படும். கொண்டை ஊசியில் இறங்கும்போது பின் ஆக்சில் அரையடி நகர்ந்தால் ஸ்டீரிங் கையில் நிற்காது. சில வண்டிகளில் இரண்டாவது பட்டையின் முனையும் மெயின் பட்டையின் வளையத்தைச் சுற்றி வளைந்திருக்கும். அப்படி இருந்து, அது முழுசாகவும் இருந்தால், அதுவே ஆக்சிலைப் பிடித்துக்கொள்ளும், 15 கி.மீ. வேகத்தில் போகலாம். இல்லாவிட்டால் ஸ்ட்ராப்போ சங்கிலியோ போட்டு ஆக்சிலை ஹேங்கரோடு இழுத்துக் கட்டி, பாதையோரம் ஒதுக்கிவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்ட்ராப் பின்னுக்குப் போவதை மட்டும்தான் தடுக்கும், முன்னுக்கு வருவதைத் தடுக்காது. அதனால் இந்தக் கட்டோடு மலை இறங்குவது ஏற்கத்தக்க துணிச்சல் அல்ல.

எந்தப் பாதியாக இருந்தாலும் உடைந்த முனை பிரேக் ஹோஸையோ டயரின் உள்பக்கத்தையோ குத்துகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பட்டை போனால் வண்டி ஊராவது போய்ச் சேரும், பிரேக் ஹோஸ் அறுந்தால் மலையில் பிரேக்கை நம்ப முடியாது.

வண்டி கோணலாக ஓடுகிறது, ஸ்டீரிங் நேராக இல்லை

பின்னால் வருகிறவர் 'உங்க வண்டி சாய்ஞ்சு ஓடுதுங்க' என்று சொன்னால், பட்டையை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைச் சந்தேகியுங்கள். சோதிப்பது எளிது. சமதரையில் ஸ்டீரிங்கை நேராக்கி, முன் ஹப்பின் நடுவிலிருந்து பின் ஹப்பின் நடுவுக்கு ஒரு கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை மறுபக்கம் பிடித்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. பட்டைகள் அடுக்குக் கலைந்து விசிறியாக விரிந்திருப்பதும் கண்ணில் படும்.

சென்டர் போல்ட் தானாக உடைவது அபூர்வம். ஆக்சிலை இறுகப் பிடித்திருக்க வேண்டியவை யூ போல்ட்டுகள். அவை தளர்ந்தால் முழு இழுவையும் அந்த ஒற்றைப் போல்ட் மேல் விழுந்து வெட்டிவிடுகிறது. யூ போல்ட்டைக் கவனிக்காமல் புது சென்டர் போல்ட் மட்டும் போட்டால் அதுவும் உடையும்.

மாற்ற உதிரி கையில் இருந்தால், கயிற்றால் அளப்பதையும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேர வேலை:

1. யூ போல்ட் மரைகளில் துரு நீக்கும் எண்ணெயோ டீசலோ விட்டுக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதே நான்கு நட்டுகளையும் தளர்த்துங்கள். ஸ்பானரில் இரண்டடி நீளப் பைப் செருகினால் கை நோகாது. ஷாக்கின் அடிப்போல்ட் யூ போல்ட் பிளேட்டிலேயே இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

2. ஹேங்கருக்குப் பக்கத்தில் சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து, பட்டையின் மேல் உள்ள பாரம் போகும் வரை தூக்குங்கள். சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், அப்போதுதான் ஆக்சில் தொங்காது.

3. நடுத்துளைக்கு இரு பக்கமும் சீ கிளாம்ப் போட்டுப் பட்டைக்கட்டை இறுக்குங்கள். உடைந்த போல்ட்டின் மிச்சத்தை ஒரு கம்பி வைத்துத் தட்டி வெளியே எடுங்கள். துளைகள் ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நேராக்குங்கள். விரலை விடாதீர்கள், பட்டை நகர்ந்தால் துண்டாகிவிடும்.

4. புதுப் போல்ட்டின் தலை ஆக்சில் பக்கம் இருக்க வேண்டும். அந்தத் தலை ஆக்சிலின் இருக்கையில் உள்ள துளைக்குள் உட்கார்ந்துதான் ஆக்சிலின் இடத்தைக் குறிக்கிறது. சாதாரண அறுகோணத் தலைப் போல்ட் பல வண்டிகளில் அந்தத் துளைக்குள் போகாது, மலையில் கிரைண்டருக்கு எங்கே போவது? உங்கள் வண்டிக்கான சென்டர் போல்ட்டை உதிரியாக ஒன்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

5. ராட்செட் ஸ்ட்ராப்பால் ஆக்சிலை இருக்க வேண்டிய பக்கம் இழுத்துக்கொண்டே ஜாக்கியை இறக்குங்கள். தலை துளைக்குள் விழுந்ததும் பட்டை ஆக்சிலின் இருக்கையோடு ஒட்டிப் படியும். இடைவெளி தெரிந்தால் விழவில்லை, மறுபடி தூக்குங்கள்.

6. நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கடைசி இறுக்கம் எடை முழுதும் சக்கரத்தில் இறங்கிய பிறகு. 2 கி.மீ. போய் ஒருமுறை, 50 கி.மீ. போய் ஒருமுறை மீண்டும் இறுக்க வேண்டும். புதிதாகப் படிந்த பட்டை இறங்க, யூ போல்ட் கட்டாயம் தளரும். கயிற்றைப் பிடித்து அளந்து பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

முன்பக்கம் ஒரு மூலை இறங்கிவிட்டது (கார், ஸ்ட்ரட் வைத்தது)

ஸ்விஃப்ட், ஐ10 போன்ற கார்களில் முன்பக்கம் காயிலும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் இருக்கும். அதில் முன்காயில் பெரும்பாலும் அடிச்சுற்றில்தான் உடையும். தண்ணீரும் மண்ணும் தேங்கித் துரு அரிக்கிற இடம் அது. ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பி, சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கைபேசி டார்ச் அடித்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உடைந்த முனைக்கும் டயரின் உள்சுவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது?

ஒரு விரல் தாராளமாக நுழைந்து, காயில் இன்னும் தன் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் 20 கி.மீ. வேகத்தில் போகலாம். தனியாக ஆடும் உடைந்த வளையத்துண்டு கையோடு வந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். முனை டயரைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ காயில் இருக்கையை விட்டு வெளியே வந்திருந்தாலோ ஓட்ட வேண்டாம். ஓடும்போது டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது, முன்சக்கரத்தில் அது நடப்பது வளைவில்தான்.

ஸ்ட்ரட்டைக் கழற்றிக் காயிலை மாற்றலாம் என்று பாதையோரத்தில் இறங்காதீர்கள். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் நடுவே ஒரு பெரிய நட்டு தெரியும். அழுத்தி வைத்த காயிலை அடக்கி வைத்திருப்பது அதுதான். காயில் கம்ப்ரசர் இல்லாமல் அதைத் திறந்தால் காயில் தெறித்து ஆளையே கொல்லும்.

இன்னொரு யோசனை. இறக்கத்தில் எடை முன்பக்கம் சாயும், ஏற்றத்தில் பின்பக்கம் போகும். முன்காயில் உடைந்து திம்பம் பாதையின் மேற்பாதியில் நின்றால், 20 வளைவு கீழே இறங்குவதைவிட ஏறி ஆசனூர் போய் நிற்பது நல்லது. பின்பட்டை ஷேக்கிள் பாதியில் உடைந்திருந்தால் நேர்மாறு.

பள்ளத்தில் 'டொக் டொக்' சத்தம்

முதலில் வீல் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். கொஞ்ச நாளுக்கு முன்பு பஞ்சர் போட்ட சக்கரம் என்றால் முதல் சந்தேகம் அதுதான்.

நட்டு சரியாக இருந்தால், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் வருகிறதா, வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போதும் வருகிறதா என்று கவனியுங்கள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் வந்தால் லிங்க் ராட்டாக இருக்கும். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் ஸ்டெபிலைசர் பார் சும்மா சுழலும், லிங்க் ராட்டுக்கு வேலை இருக்காது, சத்தமும் வராது. லிங்க் ராட் போனதற்குக் கவலைப்படத் தேவையில்லை. உடைந்ததைக் கழற்றிவிட்டு, பாரின் தொங்கும் முனை எதிலும் இடிக்காமல் கம்பியால் கட்டிவிட்டு ஓட்டலாம். வளைவில் வண்டி வழக்கத்தைவிட அதிகம் சாயும், அதற்கேற்ப வேகத்தைக் குறைத்தால் போதும்.

வண்டி நிற்கும்போதே ஸ்டீரிங்கைத் திருப்பினால் 'கடகட' என்று வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட். ஊர் போய்ப் பார்க்கலாம்.

இரண்டு விதத்திலும் சத்தம் வந்து, பிரேக் போடும்போதும் ஒரு இடி விழுந்தால் பால் ஜாயின்ட்டையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பார்க்காமல் நகராதீர்கள். ஜாக்கியை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் இந்தச் சோதனை சரியாக வரும். ஸ்ட்ரட் வைத்த காரில் பாடிக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிடலாம். பொலிரோ, இன்னோவா போல லோயர் ஆர்ம் மேல் காயில் உட்கார்ந்த வண்டியில் லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காயிலின் அழுத்தம் பால் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், போன ஜாயின்ட்டும் நல்லதாகத் தெரியும். டயருக்கு அடியில் லிவரை விட்டு மேலே நெம்புங்கள். இன்னொருவர் ஜாயின்ட்டில் விரல் வைத்திருக்கட்டும். ரப்பர் பூட் கிழிந்து, நெம்பும்போதெல்லாம் 'டக்' என்று மேலும் கீழும் ஆடினால் அந்த வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

சக்கரம் ஒரு பக்கம் மடங்கிவிட்டது

பால் ஜாயின்ட் கழன்றுவிட்டது, அல்லது லோயர் ஆர்ம் போல்ட் போய்விட்டது. ஓட்டும் பேச்சே இல்லை. வண்டி வளைவின் நடுவில் நின்றால் ஒதுக்குவதற்கு மட்டும் ஒரு வழி உண்டு: வண்டியைத் தூக்கி, ஜாயின்ட்டின் குண்டை அதன் குழிக்குள் தள்ளி, லோயர் ஆர்மையும் நக்கிளையும் (சக்கரத்தின் ஹப் உட்காரும் உருப்படி) ராட்செட் ஸ்ட்ராப்பால் சேர்த்து இறுக்குங்கள். ஒருவர் வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருக்க, ஸ்டீரிங்கைத் திருப்பாமல் தள்ளிப் பத்தடி நகர்த்தலாம். முன்சக்கரம் இழுக்கும் கார் என்றால் டிரைவ் ஷாஃப்ட் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வந்திருக்கிறதா, கியர் ஆயில் ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றிச்செல்லும் வண்டி கேளுங்கள், கட்டி இழுத்துப் போகும் வண்டி வேண்டாம்.

வண்டி அலையில் போகும் படகாக ஆடுகிறது

ஷாக். பெரிய விஷயமில்லை, ஆனால் எந்த ஷாக் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மோசமான பாதையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு நான்கு ஷாக்கையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும், செத்தது குளிர்ந்தே இருக்கும். லேசான ஈரக்கசிவு பரவாயில்லை, சொட்டுச்சொட்டாக வடிந்து மண் அப்பியிருந்தால் போய்விட்டது.

பட்டை வைத்த வண்டியில் மவுண்ட் உடைந்து அடிக்கும் ஷாக்கை முழுசாகக் கழற்றிவிட்டு ஓட்டலாம். பின்பக்கம் காயில் வைத்த வண்டியில் அவசரப்பட வேண்டாம். அங்கே சக்கரம் கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதைப் பல வண்டிகளில் ஷாக்தான் தடுத்து வைத்திருக்கிறது. கழற்றிவிட்டால் பெரிய பள்ளத்தில் காயில் இருக்கையை விட்டு நழுவும், பிரேக் ஹோஸ் இழுபடும். கழற்றியே தீர வேண்டும் என்றால் ஆக்சிலையும் சேசிஸையும் ஒரு ஸ்ட்ராப்பால் கட்டி, இறங்கும் அளவுக்கு எல்லை வையுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றும் கேள்வியே இல்லை, அது சக்கரத்தையும் பிடித்திருக்கிறது.

கட்டுப்போட்ட வண்டியை ஓட்டும்போது

ஆட்களையும் மூட்டைகளையும் வேறு வண்டிக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாததை உடைந்த மூலைக்கு எதிர் மூலையில் வையுங்கள். இரண்டாவது கியர், 20 கி.மீ. இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கையே நம்புங்கள். முதல் 2 கி.மீ. போனதும் நிறுத்திக் கட்டைப் பாருங்கள், பிறகு 10 கி.மீ.க்கு ஒருமுறை. ஸ்ட்ராப் உரசித் தேய்ந்தால் மாற்றிக் கட்டுங்கள், சூடான சைலன்சரில் பட்டால் உருகிவிடும். அதற்காகத்தான் ஸ்ட்ராப்போடு 2 கிலோ கட்டுக்கம்பியும் வண்டியில் இருக்க வேண்டும்.

பட்டறையில் ஒரு பக்கம் மட்டும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். மெயின் பட்டை, காயில், ஷாக் மூன்றும் ஜோடியாக மாற்ற வேண்டியவை. கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடச் சொல்லாதீர்கள், ஒருமுறை இழுபட்ட மரை அதே இறுக்கத்தைத் தராது. ஸ்ட்ரட்டையோ லோயர் ஆர்மையோ கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகுதான் நெடுஞ்சாலை ஏறுங்கள்.